டூம் மெட்டல் கேட்பது எப்படி: முதல் வாரத்துக்கான செய்முறை

மெட்டல் என்னும் கனத்த ராக் இசையில் மிக மெதுவாக நகரும் வகைதான் டூம் மெட்டல். முதன்முறை அதைக் கேட்டபோது, பாட்டு இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தேன். ஆறு நிமிடம் கழித்து அது முடிந்தேபோனது. உங்களுக்கும் அப்படி நடக்கலாம். அப்படி நடக்காமலிருக்கத்தான் இந்தச் செய்முறை. நான் எடுத்துக்கொள்வது பழைய மரபு டூமை மட்டும். அதில் பாடுபவர் குரலெடுத்துப் பாடுவார். தொண்டைக்குள்ளிருந்து உறுமல் வந்தால் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அங்கே பிறகு போகலாம்.

படி 1: கருவியைச் சரிசெய்யுங்கள்

கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த இசையின் பாதி உயிர் பேஸ் கிட்டாரில் இருக்கிறது. சின்ன ஸ்பீக்கர் அதை விழுங்கிவிடும். சாதாரண ஹெட்போன் போதும்.

படி 2: ஒரே ஒரு பாட்டு

பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. ஆல்பத்தின் பெயரும் பிளாக் சபாத், முதல் பாட்டின் பெயரும் அதுவே. மழை, தொலைவில் மணியோசை, பிறகு கிட்டார். அந்தக் கிட்டார் வாசிப்பதை நம் கணக்கில் சொன்னால் மூன்றே சுரங்கள்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். கல்யாணியில் மங்களமாக ஒலிக்கும் அதே மத்தியமம்தான். அங்கே அதைத் தாங்க மற்ற சுரங்கள் சுற்றிலும் நிற்கின்றன. இங்கே ஒன்றுமில்லை, தனியாக நின்று நடுங்குகிறது. பயம் அந்த வெறுமையிலிருந்து வருகிறது.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை ரிஃப் என்பார்கள். டூமில் ரிஃப்தான் ராஜா. பாடகர்கூட அதற்குப் பிறகுதான். முதல் தடவை கையால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். அடிக்கும் அடிக்கும் இடையே எவ்வளவு இடம் கிடக்கிறது என்பது கைக்குத் தெரியும். இரண்டாவது தடவை கிட்டாரை விட்டுவிட்டு, அந்த இடைவெளியில் பில் வார்டின் டிரம்ஸ் என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். கடைசியில் பாட்டு திடீரென்று வேகமெடுக்கும். அதுவரை காத்திருந்தவருக்குத்தான் அந்த ஓட்டம் சுகம்.

படி 3: சுருதி இறங்கிய கதை

அடுத்த நாள், பிளாக் சபாத்தின் 1971 ஆல்பம் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’. இதைக் கேட்கும் முன் ஒரு கதை தெரிந்திருக்க வேண்டும். குழுவில் கிட்டார் வாசித்த டோனி அயோமி, பர்மிங்காமில் ஒரு தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில் இயந்திரத்தில் சிக்கி, வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர், ஆகவே கம்பியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். பிறகு சுருதியையும் இறக்கினார். கம்பி தளர்ந்தால் அழுத்துவது எளிது. இந்த ஆல்பத்தின் சில பாடல்களில் கிட்டார் மூன்று அரைச்சுரம் கீழே இருக்கிறது. ‘இன்டு த வாய்ட்’ பாட்டைப் போட்டால் அந்தக் கனம் நெஞ்செலும்பில் வந்து உட்காரும். காயம்பட்ட ஒரு கைக்கான வசதி, பின்னால் வந்த எத்தனையோ குழுக்களுக்கு இலக்கணமாகிவிட்டது.

படி 4: மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

1980-களில் மெட்டல் முழுக்க வேகத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பிடிவாதமாக மெதுவாக நடந்த மூன்று குழுக்கள் இவை. மூன்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள்.

அழுக்கும் கரடுமுரடும் பிடிக்கும் என்றால் லாஸ் ஏஞ்சலிஸின் செயின்ட் வைட்டஸ். இவர்களுடைய ஆல்பங்களை வெளியிட்டது, பங்க் என்னும் வேகமான, முரட்டு ராக் இசைக்கான ஒரு நிறுவனம். 1986-இல் வந்த ‘பார்ன் டூ லேட்’டில் தொடங்குங்கள். பாடுபவர் வைனோ என்று அழைக்கப்படும் ஸ்காட் வைன்ரிக். டேவ் சாண்ட்லரின் கிட்டார் தனி வாசிப்பு முதலில் வெறும் இரைச்சலாகத்தான் படும்.

இரண்டு கிட்டார்கள் சேர்ந்து வாசிக்கும் ஒழுங்கு பிடித்தால், இலினாய்ஸின் டிரபிள். பாடல்களில் பைபிள் வாசனை தூக்கலாக இருக்கும். 1984 ஆல்பத்தைத் தேடும்போது ஒரு சிக்கல்: அது குழுவின் பெயரிலேயே வெளிவந்தது, 1990 ஆல்பத்துக்கும் அதே பெயர். ஆகவே முதலாவதை ‘சாம் 9’ (Psalm 9) என்று தேடுங்கள். நம் மூன்றில் சேராத இன்னொரு டூம் குழு, வர்ஜீனியாவின் பென்டகிராமிலும் இதே தலைவலி. 1985-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் இப்போது ‘ரிலென்ட்லஸ்’ என்ற பெயரில் கிடைக்கிறது. 1971-இல் தொடங்கிய குழு முதல் முழு ஆல்பத்துக்கு 1985 வரை காத்திருந்தது. டூம் வாசிப்பவர்களுக்குப் பொருத்தமான வேகம்தான்!

கோயில் கோபுரம் போல உயர்ந்து நிற்கும் குரல் வேண்டும் என்றால் ஸ்வீடனின் கேண்டில்மாஸ். 1986-இன் ‘எபிக்கஸ் டூமிக்கஸ் மெட்டாலிக்கஸ்’, முதல் பாட்டு ‘சாலிட்யூட்’. மெல்லிய கிட்டாரும் தனிக்குரலுமாகத் தொடங்கி, பிறகு மொத்தச் சுமையும் இறங்கும். புதியவருக்கு நான் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். மெட்டல் என்றாலே முகம் சுளிப்பவரைக்கூட இந்தப் பாட்டு உட்கார வைத்துவிடும்.

படி 5: சண்டையில் இறங்குங்கள்

டூம் ரசிகர்கள் இருவர் சேர்ந்தால் மூன்றாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: கேண்டில்மாஸுக்கு யார் குரல்? முதல் ஆல்பத்தில் பாடிய யோஹான் லெங்க்விஸ்ட் குழுவில் சேரவே இல்லை. பதிவுக்கு மட்டும் வந்து பாடிவிட்டுப் போனவர். 1987-இன் ‘நைட்ஃபால்’ ஆல்பத்துக்கு வந்தவர் மெசையா மார்கோலின். துறவி அங்கியும் சுருட்டை முடியுமாக மேடையேறி, ஓபரா பாடகர் போலக் குரலை அதிர வைப்பவர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு ஒரு பக்கம் நில்லுங்கள். நடுவில் நிற்பவரை யாரும் மதிப்பதில்லை.

என் கட்சி லெங்க்விஸ்ட். மார்கோலின் துயரத்தை நடித்துக் காட்டுகிறார், லெங்க்விஸ்டுக்கோ அது வந்துவிடுகிறது. முப்பது ஆண்டுகள் கழித்து அவர் திரும்பி வந்து, 2019-இல் ‘த டோர் டு டூம்’ ஆல்பத்தில் பாடினார். அதில் ஒரு பாட்டுக்குத் தனி வாசிப்பு வாசித்தவர் யார் தெரியுமா? டோனி அயோமி. மார்கோலின் கட்சிக்காரர்களிடம் இதைச் சொன்னால், அதற்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

படி 6: விடுமுறை நாளில் மட்டும்

பின்லாந்தின் ரெவரெண்ட் பிசார் குழு 2002-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் ‘கிரித் உங்கோல்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். அடுப்பில் எதையும் வைத்துவிட்டு இதைப் போடாதீர்கள்.