பழைய பஜேரோவில் 4 வீல் டிரைவ் விளக்கு மினுக்கினால் எங்கே கை வைப்பது?

லீவரை 2எச்சிலிருந்து (பின் சக்கரங்கள் மட்டும் இழுப்பது) 4எச்சுக்குத் (நான்கும் இழுப்பது) தள்ளுகிறீர்கள், டாஷ்போர்டில் இருக்கிற குட்டி வண்டிப் படத்தில் முன் சக்கர விளக்குகள் மினுக்க ஆரம்பிக்கின்றன, நிலையாக எரிய மாட்டேன் என்கின்றன. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் "டிரான்ஸ்பர் கேஸை இறக்கிப் பார்க்கணும் சார்" என்று, அதாவது இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டியையே கழற்றணும் என்று, சொல்லும் ஆட்கள் உண்டு. இறக்க விடாதீர்கள். இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் ஹோஸ்தான்.

இங்கே சொல்வது 90களில் வந்த இரண்டாம் தலைமுறை பஜேரோவுக்கு. நம் திருவள்ளூர் ஆலையில் பூட்டி விற்ற எஸ்எஃப்எக்ஸும் அந்த வகைதான். உங்கள் லீவரில் 2எச், 4எச், 4எச்எல்சி, 4எல்எல்சி என்று நான்கு நிலைகள் இருந்தால் மேலே படியுங்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன் ஆக்ஸிலின் ஒரு பக்கம் இரண்டு துண்டாக இருக்கும். 2எச்சில் அவை ஒட்டாமல் தனித்தனியாகச் சுற்றும். 4எச் போட்டதும் இன்ஜினிலிருந்து வரும் வேக்குவம் (உறிஞ்சும் விசை) ஒரு டப்பாவுக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற ரப்பர் சவ்வை இழுக்கும், அதோடு சேர்ந்த தண்டு ஒரு வளையத்தை நகர்த்தி இரண்டு துண்டையும் கோத்துவிடும், கோத்ததும் அங்கிருக்கும் ஸ்விட்ச் கண்ட்ரோல் யூனிட்டுக்குத் தகவல் அனுப்பும், மினுக்கல் நிற்கும். அவ்வளவுதான். விளக்கு மினுக்கினால் அந்தத் தகவல் வரவில்லை என்று அர்த்தம், கியர் உடைந்துவிட்டது என்று அல்ல.

1. கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். மாற்றும்போது சிறிது நேரம் மினுக்குவது இயல்பு. பற்கள் நேருக்கு நேர் வராவிட்டால் கோக்காது, அதனால் ஸ்டியரிங்கை நேராக வைத்து மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நடுவில் இருக்கிற ஆரஞ்சு விளக்கு மட்டும் 4எச்எல்சியிலிருந்து திரும்பிய பிறகும் மினுக்கினால், அது இறுகிக்கிடக்கும் சென்டர் டிஃப் லாக், அதாவது முன், பின் ஷாஃப்ட்களை ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் பூட்டு. சில மீட்டர் நேராக ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

அப்படியும் முன் விளக்குகள் மினுக்கினால் 2எச்சுக்கு வந்துவிடுங்கள். முன் ஆக்ஸில் கோக்காத நிலையில் 4எச்சில் ஓட்டினால் முன்பக்க ஷாஃப்ட் சும்மா சுற்றும், அந்த வேக வித்தியாசத்தை டிரான்ஸ்பர் கேஸுக்குள் இருக்கும் விஸ்கஸ் கப்ளிங் (கெட்டியான திரவத்தால் இரு ஷாஃப்ட்களை இணைக்கும் பாகம்) தாங்க வேண்டியிருக்கும், அது சூடாகிக் கெட்டால் செலவு வேறு கணக்கு.

2. ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கட்டும். டீசல் வண்டியில் வேக்குவம் பம்ப்பிலிருந்து, பெட்ரோலில் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாயைப் பிடித்துக்கொண்டே போங்கள். வழியில் இரண்டு சின்ன சோலனாய்டு வால்வுகள் (மின்சாரத்தால் திறந்து மூடுபவை) வரும், அங்கிருந்து இரண்டு குழாய்கள் கீழே முன் ஆக்ஸிலுக்கு இறங்கும். வெடிப்பு, கழன்ற முனை, எக்ஸாஸ்ட் பக்கம் உருகிய இடம் எல்லாம் பாருங்கள். நடுவில் நன்றாகத் தெரியும், ஆனால் முனையில்தான் கிழிந்திருக்கும், அதனால் ஒவ்வொரு முனையையும் வளைத்துப் பார்க்க வேண்டும். நைந்திருந்தால் ஒரு துண்டைக் கடைக்கு எடுத்துப் போய் அதே உள்ளளவில் சிலிக்கான் ஹோஸ் வாங்கி, எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள், இல்லாவிட்டால் எது எங்கே என்று குழம்பிவிடும்.

3. விரல் சோதனை. இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்கு முட்டுக் கட்டை. வண்டி உயரமாக இருப்பதால் ஜாக்கி தேவைப்படாது, ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது. இன்ஜினை ஓடவிட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து, ஆக்ஸிலில் இருக்கும் டயாப்ரம் டப்பாவின் இரண்டு குழாய்களையும் கழற்றி, முனைகளில் விரல் வையுங்கள். 2எச்சில் ஒரு குழாய் உறிஞ்ச வேண்டும், 4எச் போட்டதும் அது நின்று மற்றது உறிஞ்ச வேண்டும்.

எதுவுமே உறிஞ்சவில்லை என்றால் மேலே எங்கோ ஓட்டை. கூடவே பிரேக் பெடலும் கல் மாதிரி இறுகியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், வேக்குவம் பம்ப்பையே சந்தேகப்படுங்கள். ஒன்று மட்டும் எப்போதும் உறிஞ்சுகிறது, மாறவே இல்லை என்றால் சோலனாய்டு. அதன் கனெக்டரைக் கழற்றிப் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள், "டிக்" என்று சத்தம் வர வேண்டும். வந்தால் வயரிங்கைப் பாருங்கள், வராவிட்டால் வால்வு போய்விட்டது.

4. டயாப்ரம். குழாய்களில் வேக்குவம் சரியாக வந்தும் மினுக்குகிறதா? இன்ஜினை நிறுத்திவிட்டு, டயாப்ரம் டப்பாவில் 4எச்சுக்கான குழாய் மாட்டும் முனையில் கை வேக்குவம் பம்ப்போ பெரிய சிரிஞ்சோ மாட்டி இழுங்கள். தண்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். இழுத்த வேக்குவம் இறங்கிக்கொண்டே போனால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது. நகராவிட்டால் சேறும் துருவும் பிடித்திருக்கலாம், துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்.

5. ஸ்விட்ச். தண்டு நகர்கிறது, ஆக்ஸிலும் கோக்கிறது, விளக்கு மட்டும் அடம்பிடிக்கிறது என்றால் ஆக்ஸிலில் இருக்கும் அந்தத் தகவல் ஸ்விட்ச்தான். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வையுங்கள். கோத்த நிலைக்கும் விட்ட நிலைக்கும் மீட்டர் வேறு வேறு காட்ட வேண்டும், இரண்டிலும் ஒன்றே காட்டினால் ஸ்விட்ச் செத்துவிட்டது. அதற்கு முன் கனெக்டரின் பின்களைச் சுத்தம் செய்துவிடுங்கள், பச்சை பூத்திருப்பது சகஜம்.

லீவர் ஒரு நிலையில் இருக்க விளக்கு வேறு நிலையைக் காட்டினால் மட்டும் டிரான்ஸ்பர் கேஸ் பக்கம் போங்கள், அப்போதும் அதை இறக்க வேண்டியதில்லை. அதன் உடம்பில் முனையில் உருண்டை வைத்த ஸ்விட்சுகள் திருகியிருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, உருண்டை அமுங்கி எழுகிறதா என்று பார்த்து, மீட்டரில் சோதித்து, அதே துளையில் மாட்டுங்கள். கழற்றும்போது கொஞ்சம் எண்ணெய் சொட்டும், கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.