வெளிநாட்டுப் பயணத்துக்கு மருத்துவக் காப்பீடு: எடுப்பதா, வேண்டாமா?

விமான டிக்கெட் போடும்போது கடைசிப் பக்கத்தில் 'காப்பீடு சேர்க்கவா?' என்று ஒரு கட்டம் வரும். சிலர் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்துவிடுவார்கள், சிலர் காசு மிச்சம் என்று தாண்டிப் போய்விடுவார்கள். அந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். டிக்கெட்டை மட்டும் போட்டுவிட்டு, கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

படி 1: கட்டாயமா என்று பாருங்கள்

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய நாடுகளின் கூட்டம்) குறுகிய கால விசா கேட்பவர்கள் பொதுவாக மருத்துவக் காப்பீடு காட்டியாக வேண்டும். குறைந்தது 30,000 யூரோ தொகைக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் நாட்கள் அத்தனைக்கும் அது செல்ல வேண்டும். கியூபாவும் 2010 முதல் பயணிகளிடம் இதைக் கேட்கிறது. நீங்கள் போகும் நாடு இந்த வகை என்றால், எதை எடுப்பது என்பது மட்டும்தான் பாக்கி. நேராகப் படி 4-க்குப் போங்கள்.

படி 2: கையில் ஏற்கனவே என்ன இருக்கிறது?

வீட்டில் ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். பல பாலிசிகள் நாட்டு எல்லையோடு நின்றுவிடும். அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர்கூட, சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது. ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை (EHIC) வைத்திருப்பவர்களுக்கு மற்ற உறுப்பு நாடுகளின் அரசு மருத்துவச் சேவை கிடைக்கும். ஆனால் நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவு அதில் சேராது.

அலுவலகக் காப்பீடு இருந்தால், வேலை முடிந்து சொந்தமாகச் சுற்றும் நாட்களுக்கும் அது உண்டா என்று கேளுங்கள். கிரெடிட் கார்டு காப்பீட்டில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அந்த கார்டிலேயே டிக்கெட் எடுத்தால்தான் செல்லுமா? விபத்துக்கு மட்டுமா, நோய்க்கும் உண்டா? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னதைக் கிளெய்ம் நேரத்தில் நிரூபிக்க முடியாது.

படி 3: பெரிய பில்லை நினைத்துப் பாருங்கள்

காய்ச்சல், வயிற்றுப்போக்கு மாதிரியானவற்றுக்குப் பெரும்பாலும் கைக்காசே போதும். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை, மாரடைப்பு, ஐசியூவில் பத்து நாள், இவற்றுக்காகத்தான் காப்பீடு. அமெரிக்காவில் மருத்துவச் செலவு எந்த அளவுக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'செலவு குறைவான நாடுதானே' என்று நினைக்கும் இடத்தில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. சின்னத் தீவிலோ மலைப்பகுதியிலோ நல்ல மருத்துவமனையே இருக்காது. அங்கிருந்து வேறு நகரத்துக்கு விமான ஆம்புலன்ஸில் கொண்டுபோகும் செலவு, சிகிச்சைச் செலவையே தாண்டிவிடும். சாதாரண விமானத்தில் படுக்க வைத்துக் கொண்டுவந்தாலும் பல இருக்கைகளுக்குப் பணம் கட்ட வேண்டும், கூட ஒரு மருத்துவரோ செவிலியரோ வர வேண்டும்.

அப்படி ஒரு பில் வந்தால், கடன் வாங்காமல் குடும்பத்தால் கட்ட முடியுமா? முடியாது என்றால் எடுத்துவிடுங்கள். படி 2-இல் பார்த்த காப்பீடே அந்த நாட்டில் செல்லும், ஊருக்குக் கொண்டுவருவதும் அதில் அடங்கும் என்றால் இன்னொன்று தேவையில்லை.

படி 4: பாலிசியை உள்ளே திறந்து படியுங்கள்

விளம்பரத்தில் உள்ள பெரிய எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். மருத்துவமனை பில் 12,000 டாலர்: இரண்டு நாள் அறைக்கு 6,000, அறுவை சிகிச்சைக்கு 5,000, பரிசோதனைகளுக்கு 1,000.

முதல் பாலிசியில் டிடக்டிபிள், அதாவது முதலில் நீங்கள் கட்ட வேண்டியது, 500. மீதி 11,500-இல் 20 சதவீதம் உங்கள் பங்கு, 2,300. ஆக, உங்கள் கையிலிருந்து போவது 2,800.

இரண்டாவது பாலிசி 50,000 டாலர் என்று சொல்லி, பிரீமியமும் குறைவாக இருக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு இருக்கும்: அறைக்கு நாளுக்கு 1,500, அறுவை சிகிச்சைக்கு 3,000, பரிசோதனைக்கு 500. மொத்தம் கிடைப்பது 6,500. மீதி 5,500 உங்கள் தலையில். வயதான பெற்றோருக்கு எடுக்கும்போது இந்த வகைப் பாலிசியைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

அடுத்து, ஏற்கனவே உள்ள நோய். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் இருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்க வேண்டும். சில பாலிசிகள் அடியோடு விலக்கிவிடும். சிலவற்றில் 'திடீரென்று தீவிரமானால் மட்டும்' உண்டு. அதிலும், அறிகுறி தெரிந்த 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும் என்ற மாதிரி நிபந்தனை இருக்கும். விண்ணப்பத்தில் நோயை மறைக்கவே மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் கிளெய்மே நிராகரிக்கப்படலாம்.

அப்புறம், விலக்குகள் பட்டியல். மது அருந்தியிருந்தபோது நடந்த விபத்து, உரிமம் இல்லாமல் பைக் ஓட்டியது, கர்ப்பகாலச் செலவு, ஆழ்கடல் டைவிங், மலையேற்றம் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் வரும். மலையேற்றத்துக்கு அனுமதி இருந்தாலும் உயர வரம்பு பாருங்கள். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. 4,500 மீட்டரோடு நிற்கும் பாலிசியால் அங்கே பயனில்லை.

பெட்டி தொலைந்தால், விமானம் தாமதமானால் கிடைக்கும் தொகையை வைத்து பாலிசியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மருத்துவத் தொகையும் அவசர இடமாற்றமும்தான் முக்கியம்.

படி 5: வாங்கும்போது

கிளம்பும் முன்பே வாங்குங்கள், பல நிறுவனங்கள் பயணம் தொடங்கிய பிறகு தருவதில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். திரும்பும் தேதிக்கு மேல் ஓரிரு நாள் சேர்த்து எடுங்கள். அடிக்கடி பயணம் செய்பவர்களுக்கு வருடாந்தர பாலிசி மலிவாக வரலாம், ஆனால் ஒரு பயணத்துக்கு 30 அல்லது 45 நாள் என்று வரம்பு இருக்கும்.

படி 6: உதவி எண்ணைக் கூட வருபவருக்கும் கொடுங்கள்

24 மணி நேர உதவி எண்ணும் பாலிசி எண்ணும் உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது. மயங்கிக் கிடக்கும்போது போனை யார் திறப்பது? கூட வருபவரிடமும் வீட்டில் ஒருவரிடமும் கொடுங்கள், ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடும் வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் மருத்துவமனைக்குப் போய்விட்டு முடிந்தவுடன் அழைக்கலாம். மற்றபடி, அட்மிட் ஆகும் முன்பே அழைத்தால் எந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே நேராகப் பில் கட்டும் வசதி, கிடைக்கும் என்று சொல்வார்கள். பணம் நீங்களே கட்ட வேண்டி வந்தால், மருத்துவர் அறிக்கை, மருந்துச் சீட்டு, விவரமான பில், கட்டிய ரசீது நான்கையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.