காரைக்குடி வீடுகள் வடதுருவக் கடலில் மிதந்த கதை: வரைபடத் தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளை வரைபடத்தில் காட்டும் செயலி ஒன்றுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், அதன்மேல் இடம், வடிவம், தூரம் ஆகியவற்றைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சி. முதல் நாள் ஏற்றிய வீடுகளில் ஒன்றைக்கூடக் காணோம். பிழைச் செய்தியும் வரவில்லை. வரைபடத்தைச் சுருக்கிக்கொண்டே போனால், எல்லா வீடுகளும் வடதுருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் கிடந்தன.

காரைக்குடியின் அட்சரேகை சுமார் 10.07, தீர்க்கரேகை சுமார் 78.78. பேச்சில் அட்சத்தைத்தான் முதலில் சொல்வோம். கூகுள் மேப்ஸும், வலைப்பக்கத்தில் வரைபடம் காட்டும் லீஃப்லெட் நிரல் நூலகமும் அதே வரிசைதான். போஸ்ட்ஜிஐஎஸ்ஸும், வரைபடத் தரவை எழுதும் ஜியோஜேசன் கோப்பு வடிவமும் தீர்க்கத்தை முதலில் கேட்கும். நம் ஊரில் இரண்டு எண்ணுமே 90-க்குள் அடங்கிவிடுவதால், மாற்றிக் கொடுத்தாலும் தரவுத்தளம் வாயைத் திறக்காது. இப்போதெல்லாம் தரவு உள்ளே வரும் இடத்திலேயே ஒரு சோதனை வைக்கிறேன்: அட்சம் 8-க்கும் 14-க்கும் இடையில் இல்லையென்றால் வாசலோடு திருப்பி அனுப்பு.

அடுத்தது அலகு. 500 மீட்டருக்குள் உள்ள வீடுகளைக் கேட்டால் மொத்தப் பட்டியலும் வந்து நின்றது. 4326 என்ற எண்ணில் (அட்ச, தீர்க்க டிகிரிகளில் இடத்தைக் குறிக்கும் முறையின் எண்), தரையைத் தட்டையாக எடுத்துக்கொள்ளும் ஜியாமெட்ரி வகையாகச் சேமித்திருந்தால் தூரம் டிகிரியில்தான் வரும். ஒரு டிகிரி அட்சம் என்பதே ஏறக்குறைய 111 கிலோமீட்டர். 500 டிகிரிக்குள் உலகமே அடங்கும். 111000-ஆல் வகுத்துச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே ஓரளவு சரியாக வரும், அதனாலேயே தவறு வெளியே தெரியாது. பூமியின் உருண்டையைக் கணக்கில் எடுக்கும் ஜியாகிரபி வகைக்குப் போங்கள், மீட்டரிலேயே கிடைக்கும். இல்லையென்றால் மீட்டரில் அளக்கும் 32644 என்ற முறைக்கு மாற்றுங்கள். அது 78 முதல் 84 டிகிரித் தீர்க்கம் வரைக்குமானது. செட்டிநாடு உள்ளே வரும், திண்டுக்கல் மயிரிழையில் வெளியே. மாற்றுவதற்கு எஸ்டி டிரான்ஸ்ஃபார்ம் என்ற போஸ்ட்ஜிஐஎஸ் கட்டளை வேண்டும் (எஸ்டி என்று தொடங்குபவை எல்லாம் அதன் கட்டளைகள்). எஸ்டி செட்எஸ்ஆர்ஐடி பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றி ஒட்டும், எண்களைத் தொடாது.

தூரத்தைக் கணக்கிட்டு 500-ஐவிடக் குறைவா என்று ஒப்பிடாமல், இந்தத் தூரத்துக்குள் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கும் எஸ்டி டிவிதின் பயன்படுத்துங்கள். அதற்குத்தான் தேடலை வேகமாக்கும் குறியீட்டு அட்டவணை (இண்டெக்ஸ்) உதவும். 0101000020 என்று தொடங்கும் நீண்ட சரம் வந்தால் தரவு கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். அது வடிவத்தின் பைனரி உருவம், நிரல் நூலகம் பிரித்துத் தரும். அப்புறம், போனோடு ஊருணியைச் சுற்றி நடந்து வரைந்த எல்லைக்கோடு தன்னையே வெட்டிக்கொண்டால் பரப்பளவு தாறுமாறாகும். சேமிக்கும் முன் வடிவம் சரியா என்று எஸ்டி இஸ்வேலிட்டைக் கேட்டுவிடுங்கள்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது முற்றம். செட்டிநாட்டு வீட்டை மேலிருந்து பார்த்தால் நடுவே வானம் பார்த்த முற்றம். கூரையை வரைந்தால் நடுவில் ஓட்டை உள்ள பலகோணம் கிடைக்கும். வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு புள்ளி வைக்க, வடிவத்தின் மையத்தைத் தரும் எஸ்டி சென்ட்ராய்டு எடுத்தேன். அது முற்றத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் புள்ளி எந்த வீட்டுக்குள் இருக்கிறது என்று கேட்டால் எந்த வீட்டிலும் இல்லை என்று பதில் வந்தது, ஓட்டை பலகோணத்தின் உள்பகுதி ஆகாதே! எஸ்டி பாயின்ட்ஆன்சர்ஃபேஸ் கூரைமேல்தான் புள்ளி வைக்கும். ஜியோஜேசனின் முதல் வளையத்தை (வெளி எல்லைக்கோட்டை) மட்டும் படிக்கும் நிரலிலோ முற்றமே காணாமல் போய், பரப்பளவு கூடிவிடும்.

சரி, புள்ளி கூரைக்கு வந்தது. ஆனால் இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. வழிகாட்டியை நம்பிப் போய் ஒரு வீட்டின் பின்கட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளிருந்து வந்த ஆச்சி, “என்ன தம்பி, முகப்பு அந்தத் தெருவுலல்ல இருக்கு, சுத்திக்கிட்டு வாங்க” என்றார். எந்தக் கணக்கும் முகப்பு எதுவென்று சொல்லாது. அன்று இரவே தரவுத்தளத்தில் ‘வாசல்’ என்று புள்ளிக்காகத் தனியாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன். அதை நேரில் போய் நின்றுதான் நிரப்புகிறோம்.