பள்ளத்தில் நின்ற ஏ டவர்

புதிதாக உயர் அழுத்த மின் லைன் டிசைனுக்கு வருபவர்களின் டவர் பட்டியலைத் திருத்த உட்காரும்போதெல்லாம் என் பழைய தப்புகள்தான் எதிரே வந்து நிற்கின்றன. தரை இடைவெளி போதாதது, கூட்டல் பிசகு இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். யாராவது பிடித்துவிடுவார்கள்.

திருப்பத்தை மட்டும் பார்த்து டவர் எடுப்பது

நம் ஊர் வழக்கப்படி லைன் 2 டிகிரி வரை திரும்பினால் ஏ டவர், 15 வரை பி, 30 வரை சி, 60 வரை டி. ஏ டவரில் கம்பி, மின்சாரம் டவருக்குள் பாயாமல் தடுக்கும் இன்சுலேட்டர் சரத்தில் சும்மா தொங்கும். மற்றவை கம்பியை இருபக்கமும் இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் டவர்கள். ஏ எடையும் குறைவு, விலையும் குறைவு. அதனால் லைன் நேராகப் போனால் யோசிக்காமல் ஏ போடுகிறார்கள். நானும் போட்டேன்.

மலையடிவாரத்தில் ஒரு 230 கிலோவோல்ட் லைன். இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓடைப் பள்ளம், அதில் ஒரு டவர். திருப்பம் ஒரு டிகிரிகூட இல்லை. கம்பி இழுத்துக் கட்டிய மறுநாள் விடியற்காலையில் ஃபோர்மேன் கூப்பிட்டார்: "சார், சரம் தொங்கல, மேல தூக்கிக்கிட்டு நிக்குது."

மேட்டிலிருந்து இறங்கும் கம்பி தாழ்ந்து முடிவதற்குள் பள்ளத்து டவர் வந்துவிட்டால், கம்பி டவரை அழுத்தாது, தூக்கும். இதுதான் அப்லிஃப்ட். வெயிலில் தொய்ந்திருக்கும்போது தெரியாது. குளிரில் சுருங்கி விறைக்கும்போது தெரியும். கம்பி தொய்யும் வளைவுகளை வெட்டி வைத்திருக்கும் தொய்வு அச்சில் நான் வெப்ப வளைவை மட்டும் வைத்துப் பார்த்திருந்தேன், குளிர் வளைவைத் தொடவே இல்லை. சரம் மேலேறினால் கம்பி டவரின் குறுக்குக் கையான கிராஸ் ஆர்மை நெருங்கிவிடும். எடை கட்டித் தொங்கவிட்டுச் சமாளிக்கும் அளவையும் தாண்டியிருந்தது. டவரைக் கழற்றி, அஸ்திவாரத்தை உடைத்து, பி நட்டோம். பி-க்கு அஸ்திவாரமே வேறு. அறுவடை நேரத்தில் அதே விவசாயியிடம் மறுபடி போய் நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது மென்பொருளே எச்சரிக்கிறது. அப்படியும் "லேசான அப்லிஃப்ட்தானே சார்" என்கிறார்கள். சரி, அந்த விவசாயியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

ஊர் மாறினால் காற்றும் மாறும்

இந்தியத் தர நிர்ணயத்தில் அடிப்படைக் காற்று வேகம் கோயம்புத்தூருக்கு நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தாலும் ஒன்றரை மடங்குக்கு மேல். கோயம்புத்தூரில் நிற்கும் டவரின் வரைபடத்தைச் சென்னைக்கு நகலெடுக்காதீர்கள்.

மோனோபோல் மோகம்

மோனோபோல் என்ற ஒற்றைத் தூண் டவர் போட்டால் அடிநிலம் குறையும். காற்றில் கம்பி ஆடும் அகலம் தானாகக் குறையாது.

மண்

அஸ்திவாரத்துக்காகக் கோடையில் தோண்டிப் பார்த்த குழியை நம்பாதீர்கள். ஐப்பசியில் ஒருமுறை போய்ப் பாருங்கள், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று.