நெல்லை மொட்டைமாடியில் கியூஓ-100: தட்டை நிமிர்த்துங்கள், எல்என்பியைப் படுக்க வையுங்கள்

ஐரோப்பிய ஹாம்கள் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள்) எழுதிய குறிப்புகளை வரி பிசகாமல் பின்பற்றினாலும், செயற்கைக்கோள் வழியே வரும் கியூஓ-100 திருநெல்வேலியில் சரியாகக் கேட்காது. கருவிகள் அவையேதான், கோணங்கள் வேறு. எஸ்டிஆர் டாங்கிளை (கணினியில் செருகி மென்பொருளால் வானொலி கேட்கும் சிறு கருவி) இயக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தாரின் எஸ்ஹைல்-2 செயற்கைக்கோளில், ஹாம்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதிதான் கியூஓ-100. நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 26 பாகையை ஒட்டி நிற்கிறது. கையில் யாகி ஆண்டெனாவோடு பத்து நிமிடம் வானத்தைத் துரத்தும் வேலை இல்லை. ஒருமுறை திருப்பி இறுக்கிவிட்டால் பிரேசில் முதல் தாய்லாந்து வரை எப்போதும் கேட்கலாம். அண்டார்டிகாவின் நியூமாயர் நிலையம்கூட இதில் வருவதுண்டு.

முதலில் எல்என்பி, அதாவது தட்டின் முன் நின்று அலையைப் பிடித்துக் குறைந்த அலைவரிசைக்கு இறக்கித் தரும் பெட்டி. லேபிளில் 9.75 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். 10.6 மட்டும் இருந்தால் எடுக்காதீர்கள். பிஎல்எல் வகையே வாங்குங்கள். பழைய வகை நம் வெயிலில் அலைவரிசை நழுவிக்கொண்டே போகும். தட்டு 60 முதல் 90 சென்டிமீட்டர் போதும். பழைய டிடிஎச் தட்டு நெளியாமல் இருந்தால் அதுவே நல்லது, புதிது வேண்டாம்.

இனி திசை. நம் ஊர் டிடிஎச் தட்டுகள் ஏறக்குறைய உச்சி வானத்தைப் பார்க்கும். அவற்றைப் பார்த்து வைத்தால் காரியம் கெட்டது. நமக்கு வேண்டியது மேற்கிலிருந்து சற்றே தெற்கு: வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 263 பாகை, ஏற்றம் (அடிவானத்திலிருந்து மேல்நோக்கிய கோணம்) 30 பாகை. டிடிஎச் தட்டைப் போன்ற ஆஃப்செட் தட்டுக்கு (எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்பது) 25 பாகையளவு சாய்வு அதன் வடிவத்திலேயே உண்டு. ஆகவே முகம் கிட்டத்தட்ட செங்குத்தாக, எதிர்வீட்டுச் சுவரைப் பார்ப்பதுபோல் நிற்கும். பார்த்தால் தப்பாகத்தான் தோன்றும், மாற்றாதீர்கள். கைபேசித் திசைகாட்டியை இரும்புக் குழாயருகே வைத்தால் பொய் சொல்லும். நாலடி தள்ளி நின்று பாருங்கள். மார்ச் நடுவிலோ செப்டம்பர் கடைசியிலோ செய்பவர்களுக்குச் சூரியனே வழிகாட்டி. அந்த ஓரிரு நாட்களில் மாலை நான்குக்கும் நாலரைக்கும் இடையே அது செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்.

பலர் தடுக்கி விழும் இடம் அடுத்தது. குறுகிய பட்டையில் (பேச்சு நடக்கும் பகுதி) செயற்கைக்கோளிலிருந்து வரும் கீழிறங்கு அலை செங்குத்து முனைவாக்கம் (அலை அதிரும் திசை), எல்என்பிக்கு 13 வோல்ட் கொடு என்றுதான் எல்லாக் குறிப்பும் சொல்லும். (13 வோல்ட் செங்குத்து அலையையும் 18 வோல்ட் கிடை அலையையும் பிடிக்கவைக்கும்.) அந்தச் செங்குத்து, செயற்கைக்கோளின் வடக்கு–தெற்கு. நாமோ நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதை மேற்கே பார்க்கிறோம். மேற்கே பார்ப்பவனுக்கு வடக்கு வலப்பக்கம் அல்லவா? அலை சுமார் 79 பாகை சரிந்து, படுத்தபடியே வந்து சேர்கிறது. எல்என்பியை நிமிர்த்தி வைத்து 13 வோல்ட் கொடுத்தால், வரவேண்டிய திறனில் இருபதில் ஒரு பங்குகூடக் கிடைக்காது.

இரண்டு வழி உண்டு. நிமிர்ந்தபடியே விட்டு 18 வோல்ட் கொடுக்கலாம். அல்லது எல்என்பியைப் பக்கவாட்டில் படுக்கத் திருப்பி 12, 13 வோல்ட் கொடுக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மின்வெட்டில் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியே போதும். இந்த மின்னழுத்தம் பயஸ் டீ (கேபிளில் மின்சாரத்தைச் சேர்த்து ஒரு பக்கம் மட்டும் அனுப்பும் சிறு இணைப்பி) வழியாக எல்என்பிக்கு மட்டும் போக வேண்டும், டாங்கிளுக்குள் போனால் டாங்கிள் காலி. டாங்கிளுக்குள்ளேயே இருக்கும் பயஸ் டீ சுமார் 4.5 வோல்ட்தான் தரும், உதவாது.

மென்பொருளில் 739.750 மெகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். 10489.750-இல் இருக்கும் நடு வழிகாட்டி அலை (இடைவிடாமல் வரும் அடையாளச் சமிக்ஞை), எல்என்பி 9750-ஐக் கழித்துவிடுவதால், அங்கே தெரிய வேண்டும். கீழ், மேல் எல்லைகளில் 739.500, 740.000 ஆகிய இடங்களிலும் ஒவ்வொன்று உண்டு. எல்என்பியின் பிழையால் எல்லாம் சேர்ந்து சில பத்து கிலோஹெர்ட்ஸ் நகர்ந்திருக்கலாம். ஒருவர் தட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, இன்னொருவர் திரையைப் பார்த்துக் குரல் கொடுப்பது நல்லது. மென்பொருளில் என் ஓட்டு எஸ்டிஆர் கன்சோலுக்கே. வழிகாட்டி அலையைப் பிடித்துக்கொண்டு நழுவலைத் தானே திருத்தும். பேச்சு யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை) முறையில்.

பேசுவது தனிப் பதிவுக்குரியது. நீங்கள் அனுப்பும் ஏறு அலை 2400 மெகாஹெர்ட்ஸ், வலஞ்சுழி வட்ட முனைவாக்கம். தட்டில் பட்டுத் திரும்பும்போது சுழற்சி மாறும் என்பதால் தட்டின் முன் வைக்கும் அனுப்பு ஆண்டெனா (ஃபீட்) இடஞ்சுழியாக இருக்க வேண்டும். உரிமத்தில் அந்த அலைவரிசைக்கு அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே தொடுங்கள். சில வாட் போதும். வழிகாட்டி அலையைவிட உரக்கப் பேசினால் லெய்லா என்ற கண்காணிப்பு அமைப்பு உங்கள் மேல் சைரன் ஊதும். உங்கள் குரல் கால் நொடி கழித்து உங்களுக்கே கேட்கும், ஹெட்போன் இல்லாமல் உட்காராதீர்கள்.

பின்னர் சேர்த்தது: கடையத்திலிருந்து ஒருவர், மேற்குத் தொடர்ச்சி மலை மறைக்காதா என்று கேட்டிருந்தார். 30 பாகை ஏற்றத்துக்கு 1,500 மீட்டர் மலை இரண்டரை கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். அடிவாரத்தை ஒட்டிய வீடுகளைத் தவிர மற்றவர்களுக்குக் கவலை இல்லை. பயப்பட வேண்டியது பக்கத்துத் தோப்புத் தென்னைக்குத்தான். தட்டுக்கு மேலே மரம் எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ, அதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் தட்டை மாடியின் வேறு மூலைக்கு மாற்றிப் பாருங்கள்.