இயந்திரப் பாதுகாப்பு விதி மாறினால் உங்கள் பட்டறையில் என்ன மாற வேண்டும்? நெல்லைச் சிறுதொழிலுக்கு ஒரு செய்முறை விளக்கம்

2025 நவம்பர் 21 அன்று தொழிற்சாலைப் பாதுகாப்பின் அடிப்படைச் சட்டமே மாறியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றாக்கி 2020இல் நிறைவேற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு அன்று நடைமுறைக்கு வந்தது. பேட்டை சிட்கோவில் லேத் பட்டறை வைத்திருப்பவர், கல்லூர்ப் பக்கம் அரிசி ஆலை நடத்துபவர், கங்கைகொண்டான் சிப்காட்டில் பாதுகாப்புப் பொறுப்பில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் என எல்லோரும் இப்போது கேட்பது ஒன்றுதான்: இனி எதைப் பின்பற்றுவது? வாட்ஸ்அப்பில் சுற்றும் துண்டுச் செய்திகளை நம்பி இதற்கு விடை தேடக் கூடாது. சட்டப் படிப்பு இல்லாதவரும் தாமே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும்.

முதல் வேலை: இயந்திரங்களைப் பட்டியலிடுங்கள்

பலர் சட்டத்தைப் படிப்பதில் ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் இயந்திரத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு நீள நோட்டை எடுத்து, இயந்திரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அரிசி ஆலை என்றால் ஹல்லர், பாலிஷர், எலிவேட்டர், பாய்லர், இவற்றை ஓட்டும் மோட்டார், மெயின் ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம். ஒவ்வொன்றிலும் சுழலும் பாகம் எது, கை எங்கே போகும், துணி எங்கே சிக்கும், நிறுத்தும் சுவிட்ச் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். இதை மேசையில் உட்கார்ந்து எழுதக் கூடாது. மெயின் சுவிட்சை நிறுத்தி, ஃபியூசைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இயந்திரத்தின் பக்கத்தில் நின்று எழுத வேண்டும்.

எவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பது என்பதற்கு ஓர் உதாரணம். சேரன்மகாதேவிப் பக்கத்து ஆலை ஒன்றில் புல்லியை ஷாஃப்டோடு இறுக்கிப் பிடித்திருந்த செட் ஸ்க்ரூவைப் பார்த்தேன். அதன் தலை அரை விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நின்றிருக்கும்போது அது ஒரு சாதாரணத் திருகு. ஷாஃப்ட் சுழலத் தொடங்கியதும் கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் குனிந்து எண்ணெய் விடுபவரின் தோள் துண்டோ வேட்டி முனையோ அதில் பட்டால், துணியோடு ஆளையும் இழுத்துவிடும். சுழலும் ஷாஃப்டில் உள்ள செட் ஸ்க்ரூ, போல்ட், சாவி (புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் உலோகத் துண்டு) எதுவாக இருந்தாலும் உள்ளே பதிந்திருக்க வேண்டும் அல்லது மூடப்பட்டிருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொன்னது. அந்த ஸ்க்ரூவை மாற்றித் தலையில்லாத ஸ்க்ரூ போட ஃபிட்டருக்குச் சில நிமிடமே பிடிக்கும்.

அதே சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகளையும் படித்துவிடுங்கள். ஆபத்தான சுழலும் பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும், இயந்திரம் ஓடும்போது அது அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது 21. ஓடும் இயந்திரத்தை அணுகியே தீர வேண்டும் என்றால் பயிற்சி பெற்ற, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்ட வயது வந்த ஆண் தொழிலாளி மட்டுமே, அதுவும் உடலோடு ஒட்டிய உடையில் போகலாம் என்கிறது 22. அந்த உடையைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. 15 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான பெல்ட்டை, புல்லி ஓடும்போது கையால் தொடவே கூடாது. சட்டத்தின் பெயர் மாறினாலும் பெல்ட்டின் குணம் மாறுவதில்லை. எனவே இந்தப் பிரிவுகளை உங்கள் குறைந்தபட்ச அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: ஆட்களை எண்ணுங்கள்

பழைய சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர்கள் இருந்தால் அது தொழிற்சாலை. மின்சாரம் இல்லாவிட்டால் 20. புதிய தொகுப்பில் இது 20 என்றும் 40 என்றும் உயர்ந்திருக்கிறது. "எங்களிடம் 14 பேர்தான், இனி எந்தச் சட்டமும் கிடையாது" என்று நினைத்துவிடாதீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களையும் தொகுப்பு தன் எல்லைக்குள் வைத்திருக்கிறது. தொழிலாளிக்குக் காயமோ நோயோ உண்டாக்கும் ஆபத்துகள் இல்லாமல் பணியிடத்தை வைத்திருப்பது முதலாளியின் கடமை என்பது அவற்றுக்கும் பொருந்தும். உயிரிழப்போ, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயமோ நேர்ந்தால் அறிவிக்க வேண்டும் என்ற கடமையும் தொடர்கிறது. எண்ணும்போது ஒப்பந்தத் தொழிலாளர்களை விட்டுவிடாதீர்கள்.

பெரிய ஆலைகளில் இருப்பவர்கள் இன்னொரு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்ற கட்டாயம் முன்பு 1,000 தொழிலாளர்களில் தொடங்கியது; இப்போது தொழிற்சாலைக்கு 500, அபாயகரமான செயல்முறை நடக்கும் தொழிற்சாலைக்கு 250.

மூன்றாவது: மூலத்தை வாரம் ஒரு முறை பாருங்கள்

விதி பிறக்கும் இடம் அரசிதழ். மற்றதெல்லாம் அதிலிருந்து எடுத்துச் சொல்வதுதான். தமிழ்நாடு அரசிதழின் வழக்கமான இதழ் புதன்கிழமை வரும். அவசரமானவை சிறப்பு இதழாக எந்த நாளிலும் வரலாம். ஒன்றிய அரசிதழில் விதிகளும் ஆணைகளும் இரண்டாம் பாகம், மூன்றாம் பிரிவில் இருக்கும். இரண்டையும் இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். இவற்றோடு மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் தளத்தையும் பார்த்தால் போதும். வியாழக்கிழமை காலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் "பார்த்தேன், இல்லை" என்று தேதியோடு எழுதுங்கள். பின்னாளில் யாராவது கேட்டால் அந்த வரி உதவும்.

நான்காவது: அறிவிக்கையைப் படிக்கும் முறை

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஓர் அறிவிக்கை கையில் கிடைத்ததும் அது வரைவா, இறுதியா என்று முதலில் பாருங்கள். வரைவு என்றால் இன்னும் விதி ஆகவில்லை. அடுத்து, வெளியான தேதி வேறு, நடைமுறைக்கு வரும் தேதி வேறு. பிறகு, அதற்குத் திருத்தம் வந்திருக்கிறதா என்று தேட வேண்டும். கடைசியாக, அது யாரைக் கட்டுப்படுத்துகிறது?

இந்த நான்குக்கும் பயிற்சி எடுக்க நல்ல உதாரணம், ஒன்றிய கனரகத் தொழில்கள் அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று வெளியிட்ட இயந்திரங்கள், மின்சாதனங்கள் பாதுகாப்பு ஆணை. பம்பு, கம்ப்ரசர், கிரேன், லேத் போன்ற இயந்திரக் கருவிகள் என நீண்ட பட்டியல் அதில் உண்டு. 2025 ஆகஸ்ட் 28 முதல் அமலாகும் என்றது மூல ஆணை. 2025இல் வந்த திருத்தம் அந்த நாளை 2026 செப்டம்பர் 1 என்று தள்ளிவைத்தது. மூல ஆணையை மட்டும் படித்தவர் ஓராண்டுக்கு முன்பே பதறியிருப்பார். மேலும் அந்த ஆணை இயந்திரம் தயாரிப்பவரையும் இறக்குமதி செய்பவரையும் நோக்கியது. ஏற்கெனவே லேத் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு அது நேரடிச் சுமை இல்லை. ஆனால் புதிதாக இயந்திரம் வாங்கப் போகிறவர் விற்பவரிடம் சான்றிதழ் பற்றிக் கேட்க வேண்டும். ஆணையின் இன்றைய நிலையையும் வாங்குமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பழைய 1950ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழிற்சாலைகள் விதிகளைத் தூக்கிப் போடலாமா என்றால், கூடாது. புதிய விதிகள் முழுமையாக இடம்பிடிக்கும் வரை, தொகுப்புக்கு முரண்படாத பழைய விதிகள் தொடரும் என்பதுதான் ஏற்பாடு.

ஐந்தாவது: விதியை இயந்திரத்துக்குக் கொண்டுபோங்கள்

நோட்டில் உரிய இயந்திரத்தின் பக்கத்தைத் திருப்பி, அறிவிக்கை எண், அமலாகும் தேதி, செய்ய வேண்டிய வேலை, பொறுப்பாளர், முடித்த தேதி ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு ஷிப்ட் தொடங்கும்போது இயந்திரத்தைச் சுற்றி ஆட்களை நிறுத்தி, விதியை வாசிக்காமல் பாகத்தைக் கையால் காட்டிச் சொல்லுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிகள் இருந்தால் அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்லுங்கள். தலையாட்டினால் புரிந்தது என்று விட்டுவிடாமல், செய்து காட்டச் சொல்லுங்கள்.

"அண்ணாச்சி, கவரைப் போட்டால் பெல்ட் வழுக்குவது தெரியாதே" என்று மூத்த ஃபிட்டர் சொல்லலாம். அந்தப் பேச்சைத் தட்டிவிடாதீர்கள். அவர் சொல்வது உண்மையான சிக்கல். தகட்டுக்குப் பதிலாக விரல் நுழையாத கம்பி வலையில் கவர் செய்தால் பெல்ட்டும் தெரியும், கையும் தப்பும். வேலைக்கு இடைஞ்சலான கவரை இரண்டாம் நாளே கழற்றி மூலையில் சாய்த்துவிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆறாவது: வரைவு வந்தால் பதில் எழுதுங்கள்

வரைவு அறிவிக்கையில் ஆட்சேபணை, ஆலோசனை அனுப்பக் கடைசி நாளும் முகவரியும் இருக்கும். நம் பக்கத்துச் சிறு ஆலைக்காரர்களும் தொழிலாளர்களும் அதைப் பயன்படுத்திக்கொள்வது அரிது. ஒரு பக்கக் கடிதம் போதும். விதி எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் இயந்திரத்தில் அது எங்கே இடிக்கிறது, எப்படி மாற்றினால் பாதுகாப்பும் குறையாமல் வேலையும் நடக்கும் என்று எழுதுங்கள். செலவு ஆகும் என்று மட்டும் எழுதினால் எடுபடாது. இயந்திரத்தின் படத்தை இணைத்து, கடைசி நாளுக்கு முன்பே சென்று சேரும்படி பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு நகலை நெல்லையில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு இயக்கக அலுவலகத்தில் கொடுத்துக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.