நிறைவான வாழ்க்கை வேணும்னா இயேசுகிட்ட எப்படி ஆரம்பிக்கறது?

பைபிள்ல யோவான் 10:10ல இயேசு பரிபூரணமான ஜீவன் தர வந்தேன்னு சொல்றாரு, அதை நெறைய பேரு காசு, சௌகரியம்னு எடுத்துக்கறாங்க, ஆனா சிலுவையை எடுத்துக்கிட்டு என் பின்னாடி வான்னு சொன்னவரும் அவரு தான்.

மொதல்ல மாற்கு சுவிசேஷம் எடுங்க (இயேசுவோட வாழ்க்கையை சொல்ற நாலு பைபிள் புத்தகத்துல ஒண்ணு), 16 அதிகாரம் தான், நாலு சுவிசேஷத்துலயும் அது தான் சின்னது. பைபிளோட மொத புத்தகமான ஆதியாகமத்துலேருந்து வேகமா ஆரம்பிச்சு, மூணாவது புத்தகமான லேவியராகமத்துல நின்னு போறவங்க ஏராளம் (உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்!). மாற்குல தினம் ஒரு அதிகாரம் போதும், இயேசு இங்க யார்கிட்ட எப்படி நடந்துக்கறாருன்னு மட்டும் கவனிங்க.

ஜெபத்துக்கு பெரிய பெரிய வார்த்தை தேவையே இல்ல. மத்தேயு 6ல சொன்ன மாதிரி கதவை சாத்திட்டு மனசுல இருக்கறத சொல்லுங்க. ஒண்ணும் வரலையா, பைபிள்ல பாட்டா இருக்கற ஜெபங்கள், அதாவது சங்கீதம் வாசிங்க, 150 இருக்கு, கோவம், அழுகை, பயம் எல்லாமே அதுல இருக்கு, 88வது சங்கீதம் கடைசி வரைக்கும் புலம்பலாவே முடியுது, அதனால எப்பவும் சிரிச்ச முகமா தான் ஜெபிக்கணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கஷ்டமான வேலை மத்தேயு 5:23-24ல இருக்கு. காணிக்கையை அப்படியே வச்சுட்டு போய் மொதல்ல சகோதரனோட சமாதானம் ஆகணுமாம். பேசாம இருக்கற அந்த ஒருத்தருக்கு போன் போடுங்க, ஈகோ குறுக்க வரும், பரவால்ல போடுங்க.

ஒரு சபையில சேருங்க, ஆனா கேள்வி கேட்டா முறைக்கறாங்க, காசு குடுத்தா தான் ஆசீர்வாதம்னு பேரம் பேசறாங்கன்னா கிளம்பிடுங்க. மனசு ரொம்ப உடைஞ்சிருந்தா ஜெபத்தோட டாக்டரையும் பாருங்க, அது அவிசுவாசம் எல்லாம் இல்ல, இயேசுவோட அப்போஸ்தலர் பவுலோட கூட இருந்த லூக்காவே வைத்தியர் தான்.